தீவுச் சம்பளமும் ஒரு முன்பல்லும்

போன வாரம் நிவேதிதாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. செம்பூரில் நான் வேலை பார்த்த பல் கிளினிக்கில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள். வயது இருபத்தாறு. "அக்கா, மாலத்தீவுல ஒரு ஆஃபர் வந்திருக்கு. நீங்க மூணு வருஷம் இருந்தீங்கல்ல? சம்பளம் எவ்வளவு கேக்கலாம்? ரூம் அவங்களே தருவாங்களா? போர் அடிக்குமா? போனா திரும்பி வர்றப்போ இங்க வேலை இருக்குமா? ஜல்தி சொல்லுங்க, நாளைக்கு இன்டர்வியூ."

நான்கு கேள்விகள், பதினொரு விநாடிகள். அன்றைக்கே அவளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டேன். சுருக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. ரிடையர் ஆகிவிட்டேன் என்று சொன்னால் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ பொறுக்கும் மாமிகள் சிரிக்கிறார்கள். "நீயா? எங்காத்து மாமாவே இன்னும் ஃபோர்ட் ஆபீசுக்கு ரயில் ஏறிண்டிருக்கார்!" பதின்மூன்று வருடம் அடுத்தவர் வாய்க்குள் தலையைச் சாய்த்துப் பார்த்ததில் என் கழுத்து எலும்புகளில் இரண்டு, இனி முடியாது என்று சொல்லிவிட்டன. மாமா ஃபோர்ட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறார், அதுதான் வித்தியாசம். இப்போது வீட்டிலிருந்தே ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பல் எக்ஸ்ரேக்களைப் பார்த்துக் கருத்து எழுதுகிறேன். கழுத்துக்கு நிம்மதி. எக்ஸ்ரேயில் வருகிற பற்களுக்கு முகம் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

படிப்பைப் பற்றிச் சொல்ல மூன்று விஷயங்கள் போதும். ஐந்து வருடம் ஆனது. மெழுகில் பல் செதுக்கினேன். கடைசி வருடத்தில், பல் பிடுங்க வந்த ஒரு டாக்ஸி டிரைவர் என் கையைப் பார்த்துவிட்டு, "மகளே, நடுங்காதே, நான் இருக்கேன்ல" என்று ஹிந்தியில் எனக்குத் தைரியம் சொன்னார். உண்மையான படிப்பு செம்பூரில் விசாலம் மேடத்திடம் தொடங்கியது.

மேடம் பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். அப்போதே அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பாராட்ட மாட்டார். வேலை நன்றாக இருந்தால் "ம்" என்பார். இல்லாவிட்டால் "இதை யார் பண்ணினா?" என்பார், அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருக்கும்போதும். 'வலிக்காது' என்ற சொல்லை அந்தக் கிளினிக்கில் யாரும் சொல்லக் கூடாது. "வலிக்கும்னு சொல்லு, எவ்வளவு நாழின்னு சொல்லு, அதுக்குள்ள முடி." இது ஒரு விதி.

இன்னொரு விதி, நிறம் பார்ப்பது. புதிய பல் கட்டுவதென்றால் பக்கத்துப் பல்லின் நிறத்துக்குப் பொருந்த வேண்டும். அதற்கென்று நிறம் வாரியாகச் சின்னச் சின்ன மாதிரிப் பற்கள் கோத்த ஒரு பட்டை உண்டு. மற்ற கிளினிக்குகளில் விளக்கடியில் அதை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஒரு எண்ணை எழுதிவிடுவார்கள். மேடம் அப்படி விட மாட்டார். வேறு எந்த வேலையையும் தொடங்குமுன் நிறம். பல் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த பல் வெளுத்துக் காட்டும். உதட்டுச் சாயத்தைத் துடைக்க வேண்டும். கலர் துப்பட்டாவின் மேல் சாம்பல் நிறத் துணி போர்த்த வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் உற்றுப் பார்க்கக் கூடாது. கண் களைத்துப் பொய் சொல்லும். இவ்வளவும் காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள், வடக்குப் பார்த்த பால்கனியில். அதனால் எங்கள் கிளினிக்கில் பல் கட்ட வந்தவர்கள் எல்லாரும் சாம்பல் துணியைப் போர்த்திக்கொண்டு, தெருவைப் பார்த்து ஈறு தெரிய நின்றிருக்கிறார்கள். எதிர்வீட்டுக் குழந்தைகள் பதிலுக்குப் பல்லைக் காட்டும்.

அதோடு முடியாது. பல் தயாராகி வந்ததும், சிமென்ட் வைத்து ஒட்டுமுன் சும்மா பொருத்திப் பார்த்து, காத்திருப்போர் அறைக்கு அழைத்துப் போவார். "எல்லாரும் இங்க பாருங்கோ. இதுல எந்தப் பல் பொய்?" வாக்கெடுப்பு நடக்கும். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கூட மறு கையால் சுட்டிக் காட்டுவார். பெரும்பான்மை சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் பல் தாராவிக்குத் திரும்பிப் போகும்.

தாராவியில்தான் எங்கள் பல் தயாரானது. காஜா பாய் என்கிற காஜா மைதீன், பேக்கரிக்கு மேல் ஏணி வைத்து ஏறுகிற ஒரு மாடியறையில் பல் பட்டறை வைத்திருந்தார். சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரர். கீழே பாவ் ரொட்டி வேகும். மேலே பீங்கான் பல் வேகும். பீங்கான் தூசிக்காக எப்போதும் மூக்கும் வாயும் மூடிய மாஸ்க். ஐந்து வருடப் பழக்கத்தில் நான் அவருடைய கண்களை மட்டுமே பார்த்திருந்தேன்.

இப்போது நிவேதிதாவின் முதல் கேள்வி. செம்பூரில் என் முதல் சம்பளம் பன்னிரண்டாயிரம். ஐந்து வருடம் கழித்து முப்பத்தைந்தாயிரம். தீவில் சொன்னது ஆயிரத்து ஐந்நூறு டாலர், தங்குமிடம், வருடத்துக்கு ஒரு விமான டிக்கெட், அதற்கு மேல் 'அழகுப் பல்' வேலைகளில் கமிஷன். ஏறக்குறைய மூன்று மடங்கு. மேடத்திடம் சொன்னபோது, "சமுத்திரத்துக்குப் பக்கத்துல இருமல் வரும், சுக்கு எடுத்துண்டு போ" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

சம்பளக் கடிதத்தில் எழுதாதவற்றையும் நிவேதிதா குறித்துக்கொள்ளட்டும். அங்கே தக்காளிகூடக் கப்பலில்தான் வரும், கப்பலுக்கான விலையோடு. அந்த நாட்டில் பதிவு செய்வதற்கான தாள்கள் கையில் வர மாதங்கள் ஆகும். அதுவரை சம்பளம் இல்லை. ஒரு தீவுக்கு ஒரு பல் டாக்டர் போதும். அதனால் காலியிடம் என்பது யாரோ ஒருவர் ஊர் திரும்பினால் மட்டுமே உண்டாகும். வருகிற நோயாளிகள்: கடலுக்கடியில் முங்கியதும் பல் வலிக்கிறது என்கிற டைவர்கள் (பழைய அடைப்புக்குள் காற்று மாட்டியிருக்கும்), மனைவி பார்க்கப் பல்லால் எதையாவது உடைத்துக் காட்டிய புது மாப்பிள்ளைகள், பாக்கு மெல்லும் உள்ளூர்க்காரர்கள், சுற்றியிருக்கும் ரிசார்ட்டுகளில் வேலை பார்ப்பவர்கள். போர் அடிக்குமா? விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் அடிக்கும். திரும்பி வந்தபோது எனக்கு மேடத்திடமே வேலை இருந்தது.

செல்வி இந்தக் கடைசி ரகம்.

தாராவிக்குப் பக்கத்து ஆண்டாப் ஹில் பெண். ரிசார்ட்டின் வரவேற்பு மேசைக்கு எடுத்திருந்தார்கள், ஆறு மாதச் சோதனைக் காலத்தில். அப்பாவுக்கு வேலை கிடைத்த நாளில் கூலி; மாதச் சம்பளம் என்று அந்த வீட்டுக்குள் வந்தது இவளுடையதுதான் முதல் தடவை. படகில் வரும் விருந்தினருக்கு இளநீர் கொடுப்பது அவள் வேலை. ஈரமான படகுத்துறையில் கால் வழுக்கியது. தட்டிலிருந்த இளநீர் மேலே எழும்பி, மேல்வரிசையின் நடுவில் வலப்பக்கத்து முன்பல்லில் வந்து இறங்கியது. பாதிப் பல் போய்விட்டது.

"அக்கா, விருந்தாளிக்கு ஒண்ணும் ஆகல. இளநிக்கும் ஒண்ணும் ஆகல. எனக்கு மட்டும்தான்" என்றாள் வாயைப் பொத்திக்கொண்டு.

ரிசார்ட் மேனேஜர் கேரளத்துக்காரர். எங்களிடம் தமிழ் போன்ற ஒன்றைப் பேசுவார். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்பதால் செலவு ரிசார்ட்டுடையது என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். மாதக் கடைசியில் சோதனைக் காலம் முடிகிறது. அதற்குள் 'முன்பு இருந்த தோற்றம்' திரும்பிவிட்டால் வரவேற்பு மேசை நிரந்தரம். இல்லாவிட்டால் சலவைப் பிரிவு. சலவையில் சம்பளம் பாதி, டிப்ஸ் கிடையாது.

என் கிளினிக் உரிமையாளர் இதைக் கேட்டதும் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். "ஒரு முன்பல்லைப் பக்கத்துப் பல்லுக்குப் பொருத்துவது கஷ்டம். பக்கத்துப் பல்லையும் சீவி, இரண்டுக்கும் வெள்ளையாகப் போட்டுவிடு. ஒன்றுக்கு ஒன்று தானாகப் பொருந்தும். ரிசார்ட் கொடுக்கிறது, உனக்கும் கமிஷன் இரட்டிப்பு." தொழில்நுட்ப ரீதியில் அவர் சொன்னது முழுக்கச் சரி. தன்னந்தனி முன்பல்தான் எங்கள் தொழிலில் மிகக் கடினமான வேலை. இரண்டு செய்வது அதில் பாதிக் கஷ்டம்கூட இல்லை. ஆனால் பக்கத்துப் பல் நன்றாக இருந்தது. இருபத்திரண்டு வயதில் நல்ல பல்லைச் சீவினால், ஆயுள் முழுக்கப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒரு தடவை அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

செல்விக்கு இரண்டு வெள்ளைப் பல் பிடித்துத்தான் இருந்தது. "மஸ்த் இருக்கும்ல அக்கா? கெஸ்ட் மாதிரி."

"மத்த முப்பது பல்லும் ஆண்டாப் ஹில், ரெண்டு மட்டும் கெஸ்ட். பரவாயில்லையா?"

யோசித்தாள். "சரி. ஒண்ணே போடுங்க. சலவைக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."

வேர் சிகிச்சை முடித்தேன். பல்லைச் செதுக்கி, அச்சு எடுத்து, தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் பல் வைத்தேன். நிறத்தை அதற்கெல்லாம் முன்பே மேடம் சொன்ன முறையில் பார்த்துவிட்டிருந்தேன்: முதலில், ஈரமாக, ஐந்து விநாடி. பிறகு காஜா பாயின் பட்டறைக்கு (தீவில் பல் பட்டறை கிடையாது) அனுப்பப் படங்கள் எடுத்தேன். அப்போது பக்கத்துப் பல்லில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. நேரம் ஆக ஆகக் கூடின. எனக்குத்தான் பாடம் தெரியுமே! வாய் திறந்தே இருந்ததில் பல் காய்ந்து வெளுத்திருக்கிறது. போதாததற்குக் கடல் வெளிச்சம் பல்லில் பளிச்சிடுகிறது. கோணம் மாற்றி மாற்றி எடுத்து, கோடு குறைந்த படத்தைத் தேர்ந்தெடுத்து, மிச்சத்தை ஃபோன் செயலியில் துடைத்துத் தாராவிக்கு அனுப்பினேன். நன்றாகப் பாடம் படித்தவள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

பல் வந்தது. அழகான பல். செல்வி வாயில் வைத்ததும், தெருவில் புது பெயின்ட் அடித்த ஒற்றை வீடு போலத் தெரிந்தது. நிற எண் சரியாக இருந்தது. ஆனாலும் பொய் என்று படகிலிருந்தே சொல்லிவிடலாம்.

உரிமையாளர், "இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பக்கத்துப் பல்லைச் சீவு" என்றார்.

அன்றைக்கே மேடத்துக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மறுமுனையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் போய் அணைத்துவிட்டு வந்தார். பிறகு, "ஃபோன்ல நான் பல் பாக்க மாட்டேன். அவளை அழைச்சுண்டு வா" என்றார். எனக்கு வருடாந்திர டிக்கெட் பாக்கி இருந்தது. செல்வியின் விடுப்பும் அப்படியே. மேனேஜர் பத்து நாள் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் சலவை என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

இரண்டே நாளில் செம்பூர் கிளினிக்கில் இருந்தோம். மேடம் அந்தப் பல்லைப் பொருத்தி, செல்வியை நேரே காத்திருப்போர் அறைக்கு நடத்திப் போனார். ஏழு பேர் இருந்தார்கள். கேள்வி முடியுமுன் ஏழு விரல்கள் வலப் பல்லைக் காட்டின. ஒரு கிழவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றே காட்டினார்.

"இதை யார் பண்ணினா?" என்றார் மேடம்.

"நான்தான் மேடம்."

"பல் பண்ணது நாங்க. இப்படித்தான் வேணும்னு படம் அனுப்பினது டாக்டரம்மா" என்றது ஒரு குரல். காஜா பாய் வந்துவிட்டிருந்தார், கையில் தூரிகைப் பெட்டியோடு, மாஸ்க்கோடு.

பால்கனிக்குப் போனோம். சாம்பல் துணி போர்த்தி நின்றாள் செல்வி. காஜா பாய் ஐந்து விநாடி பார்த்தார், எதிர்ச் சுவரைப் பார்த்தார், மறுபடி ஐந்து விநாடி பார்த்தார்.

"எந்த ஊரு பிள்ள நீ?"

"ஆண்டாப் ஹில்."

"அது இப்போ. பால் பல்லு விழுந்தது எங்க?"

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா ஊர்ல பாய். ஏழு வயசு வரைக்கும் அங்கதான். சங்கரன்கோவில் தாண்டிப் போகணும்."

"அதானே பாத்தேன்!" என்று என் பக்கம் திரும்பினார். "என்ன டாக்டரம்மா, இத போயி கேமரா வெளிச்சம்னு தொடைச்சிட்டியளே? இது தண்ணி. எங்க பக்கத்து போர் தண்ணி. சின்னதுல குடிச்சா பல்லுக்குள்ளயே எழுதிரும், அழியாது. இங்க பாருங்க."

மாஸ்க்கை இறக்கினார். முதல் தடவையாகக் காஜா பாயின் பற்களைப் பார்த்தேன். நடுப் பல் இரண்டிலும் மேகம் கலைந்த மாதிரி அதே வெள்ளைக் கோடுகள்.

செல்வி வாயைப் பிளந்தாள். "அரே, பாய்! நம்ம ரெண்டு பேரும் ஒரே பைப்பா?"

"பைப்பு ஏது? கொடந்தான்."

ஃப்ளோரைடு கூடிய தண்ணீர் பல்லில் என்ன செய்யும் என்று நான் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மேடம் என்னைப் பார்த்தார். "பக்கத்துப் பல்லையாவது சீவாம வந்தியே" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான்.

புதிய பல்லுக்கு மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாள் நானும் செல்வியும் தாராவிக்குப் போய் ஏணி ஏறினோம். காஜா பாய் மூன்று மயிர் கொண்ட தூரிகையால், வெந்த பீங்கான் மேல் கோடு கோடாக வெள்ளை இழைத்துக்கொண்டிருந்தார். செல்வியின் பல்லைப் பார்ப்பார். சுவரில் மாட்டிய கைக்கண்ணாடியில் தன் பல்லைப் பார்ப்பார். ஒரு கோடு போடுவார். பிறகு உலை. பிறகு அதன் மேல் கண்ணாடி போல ஒரு படலம். பிறகு மறுபடி உலை.

"கோடு ஒரே மாதிரி இருக்கப்படாது. இந்தப் பல்லுல ரெண்டு கோடுன்னா அந்தப் பல்லுல ரெண்டரை. தண்ணி என்ன ஸ்கேல் வச்சா அடிக்கும்?" என்றார்.

நான்காம் நாள் காலை பத்தரைக்கு வாக்கெடுப்பு. எட்டுப் பேர். நான்கு விரல்கள் இடப்பக்கம், மூன்று வலப்பக்கம். ஒருவர், "என்னுதை முதல்ல பாருங்கம்மா, உயிர் போறது" என்றார், செல்லாத ஓட்டு.

"ம்" என்றார் மேடம்.

பல்லை ஒட்டினேன். விடுப்பின் ஒன்பதாம் நாள் தீவில் இறங்கினோம்.

செல்வியோடு மேனேஜர் அறைக்கு நானும் போனேன். சிகிச்சை முடிந்தது என்று சான்று தரவேண்டியவள் நான். அவர் மேசை விளக்கை அவள் முகத்துக்குத் திருப்பினார். செல்வி முழுவரிசையும் தெரியச் சிரித்தாள்.

மேனேஜர் முகம் சுருங்கியது. "ஐயோ மோளே, இது எந்தா? ரெண்டிலும் வெள்ளை வெள்ளையா கறை? டாக்டரே, பிரைட்டா வேணும்னு சொன்னதல்லே?"

நாங்கள் பொருத்தம் பார்த்தோம்; இவர் பளபளப்பைப் பார்க்கிறார். ஃப்ளோரைடு, பக்கத்துப் பல்லின் ஆரோக்கியம், சீவினால் வரும் கேடு என்று மூன்று காரணங்களை மனதில் வரிசைப்படுத்தி வாயைத் திறந்தேன்.

செல்வி என் கையைத் தொட்டாள். "சார், 'முன்பு இருந்த தோற்றம்'னுதானே சொன்னீங்க? உங்க கம்ப்யூட்டர்ல என் ஃபைலத் திறங்க. வேலைக்கு எடுக்கறப்போ நீங்களே சிரிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தீங்க."

அவர் தேடித் திறந்தார். திரையில் ஆறு மாதத்துக்கு முந்தைய செல்வி ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் படத்தைப் பெரிதாக்கினார். இரண்டு முன்பற்களிலும் அதே கோடுகள். திரையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்ப்பவர் போல மறுபடி திரையைப் பார்த்தார்.

"இந்தப் பல்லப் பாத்துத்தான் சார் வேலை குடுத்தீங்க" என்றாள் செல்வி.

"நான் இத அன்னைக்கு கண்டதே இல்லியே!"

"கெஸ்ட்டும் பாக்க மாட்டாங்க சார்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. நிரந்தர உத்தரவை முன்னால் இழுத்துவைத்துப் பேனாவைத் திறந்தவர், நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "செரி. இதில் ஒடஞ்சது ஏது? எடது, அல்லே?"

செல்வி உதடுகளை மூடிக்கொண்டாள். "முதல்ல கையெழுத்துப் போடுங்க சார். அப்புறம் சொல்றேன்."

அவர் போட்டார். அவள் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்து, நன்றி சொல்லி, படகு வருகிறது என்று துறைக்கு ஓடிவிட்டாள். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் நான் அந்தத் தீவில் இருந்தேன். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் மேனேஜர் என்னிடம் "வலதா, எடதா?" என்று கேட்பார். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. செல்வியும் அவரிடம் சொல்லவே இல்லை.